வெறும் ரோஸ்

ஸ்விட்ச் போர்டுக்கு மேலே இன்னும் ஈரம். "வெரல வச்சுப் பாக்காதீய அக்கா, தடம் விழுந்துரும்" என்று பெயிண்டர் லிங்கதுரை சொல்லிவிட்டுத்தான் போனான், சொன்னால் கேட்க வேண்டியதுதான், ஆனால் என் விரல் எப்போது யார் சொல்லைக் கேட்டிருக்கிறது, வைத்துவிட்டேன், நுனியில் ரோஸ் ஒட்டிக்கொண்டது, சுவரில் என் ரேகை விழுந்துவிட்டது, அதை முந்தானையால் ஒற்றப் போய் முந்தானையிலும் ஆயிற்று. ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் தெருப் புழுதி வந்து ஒட்டும், மூடினால் காயாது. திறந்தேன், மூடினேன், ஒன்றைத் திறந்து ஒன்றை மூடினேன், இப்போது இரண்டும் பாதி பாதி. வாணி போன் பண்ணிவிட்டாள். "எம்மா, டிஸ்சார்ஜ் ஆயாச்சு, அப்பாவ காருல ஏத்தியாச்சு, கெளம்பிட்டோம்." திருநெல்வேலியிலிருந்து ஏரலுக்கு என்ன பெரிய தூரம், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவார்கள், அதற்குள் இது காய வேண்டும். வழியில் எங்கேயாவது நிற்பார்கள், அவருக்கு ஒன்றுக்கு வரும், இறக்கி ஏற்ற நேரமாகும் என்று நினைத்தபோது மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது, வந்த வேகத்தில் சீ என்றும் ஆனது. பக்கவாதம் வந்து கிடக்கிற மனுஷன் மூத்திரத்துக்குச் சிரமப்படட்டும், எனக்குச் சுவர் காயட்டும். நல்ல பெண்டாட்டி நான்.

எல்லாம் அந்த ஒரு வார்த்தையால் வந்தது. வலது கையும் வலது காலும் போனபோதுகூட நான் இப்படி ஆடவில்லை, கை கால்தானே, பிடித்து விடலாம், எண்ணெய் போடலாம், நடக்க வைக்கலாம் என்று ஒரு தைரியம் இருந்தது. வாய் போனதுதான் என்னைப் போட்டு அடித்துவிட்டது. முதல் சில நாள் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு காலையில் நர்ஸ் தலையணையை மாற்றிப் போடும்போது அவர் தெளிவாக, நம் வீட்டில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி, "ரோஸ்" என்றார். நாங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றிக் கூடிவிட்டோம். பேச்சு வந்துவிட்டது என்று வாணி அழுதாள், நானும் அழுதேன். இன்னும் சொல்லுங்க, இன்னும் சொல்லுங்க. "ரோஸ்." தண்ணி வேணுமா? "ரோஸ்." நான் யாருன்னு தெரியுதா? "ரோஸ்." அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அது ஒன்றுதான் வந்தது, மறுநாளும் அதுதான், இன்று வரைக்கும் அதுதான். எத்தனை ஆயிரம் வார்த்தை வைத்திருந்த மனுஷன், கடையில் உட்கார்ந்தால் வாய் மூடாது, எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இது ஒன்று. ஏன் இது? அம்மா என்று நின்றிருக்கலாம். முருகா என்று நின்றிருக்கலாம், ஊர் மெச்சும். சோறு என்று நின்றிருந்தால்கூட நான் சந்தோஷமாகப் பொங்கிப் போட்டிருப்பேன். ரோஸ். வாணிதான் கண்டுபிடித்தாள், அவளுக்கு எதையும் உடனே கண்டுபிடித்தாக வேண்டும். வீட்டுக்குப் போவோமாப்பா என்று கேட்டிருக்கிறாள், அவர் இடது கையைத் தூக்கி ஆஸ்பத்திரிச் சுவரைக் காட்டி "ரோஸ்" என்றிருக்கிறார். "எம்மா, அப்பா வீட்டுக்கு ரோஸ் பெயிண்ட் அடிக்கச் சொல்லுதாவ. ஒனக்காகத்தான். நீ கேட்டியல்லா அன்னைக்கு." நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

கேட்டேன்தான். இந்த வீட்டைக் கட்டி முடித்துப் பால் காய்ச்சுவதற்கு முன்னால், ஹாலுக்கு மட்டும் ரோஸ் அடிப்போம் என்று கேட்டேன். பளீரென்று அடிக்கிற ரோஸ் இல்லை, செங்கொய்யாவை இரண்டாக அரிந்தால் உள்ளே இருக்குமே, கொஞ்சம் மஞ்சள் ஓடின மாதிரி, சூடான மாதிரி, அந்த ரோஸ். வெயில் பட்டால் வீடு முழுக்க விளக்கு வைத்த மாதிரி இருக்கும் என்று எனக்கு ஒரு ஆசை. அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஏ, நாள் முச்சூடும் கடையில கலரு கலருன்னுதான் சாவுதேன், வீட்லயாவது என் கண்ணு சும்மா கெடக்கட்டும்." வெள்ளை. ஹால் வெள்ளை, அறை வெள்ளை, அடுப்படி வெள்ளை. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் வெள்ளை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, பஜாரில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிற ஆள், சேலைக்கு ஜாக்கெட் துணி, லைனிங், ஃபால்ஸ், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் பெண்கள் சேலையைக் கொண்டுவந்து போட்டுவிட்டு இதுக்கு எது சேரும், இதுக்கு எது சேரும் என்று நிற்பார்கள். அவரும் லேசில் விட மாட்டார். சேலையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிடுவார், "டியூப் லைட்டு பொய் சொல்லும் தாயி, வெயிலுக்கு வாங்க" என்பார், வெயிலில் சேலையை விரித்துப் பார்டர் மேல் துணியை வைத்து, எடுத்து, வேறு வைத்து, கண்ணைச் சுருக்கி. அந்தக் கண்ணுக்கு வீட்டில் ஓய்வு வேண்டும்தான். சரி என்று விட்டுவிட்டேன். விட்டேன் என்றால் வாயில் விட்டேன், மனசில் அது இருந்துகொண்டேதான் இருந்தது, கல்யாண வீடுகளுக்குப் போனால் அந்த வீட்டுச் சுவரைத்தான் முதலில் பார்ப்பேன். இப்போது அவரே நாக்கில் அதை வைத்துக்கொண்டு கிடக்கிறார், நீ கேட்டதைத் தருகிறேன் என்று சொல்கிறார், சாவுக்குப் பக்கத்தில் போய்விட்டு வந்த மனுஷனுக்கு மற்றதெல்லாம் மறந்து நான் கேட்டது மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது. இப்படி நினைத்தால் நெஞ்சு குளிர்ந்துவிடுகிறது. இப்படியே நினைக்கலாம்தான். யார் வேண்டாம் என்றது?

நினைக்க விடமாட்டேன் என்கிறதே. ஒன்று இடிக்கிறது. வெறும் ரோஸ் என்று அவர் சொல்லவே மாட்டார். ஜென்மத்தில் சொன்னதில்லை. யாராவது வந்து ஒரு மீட்டர் ரோஸ் கிழிங்க அண்ணாச்சி என்றால் போதும், கத்திரியைக் கீழே வைத்துவிடுவார். "ரோஸுன்னா எந்த ரோஸு? பேபி ரோஸா, வெங்காய ரோஸா, ராணி ரோஸா, மிட்டாய் ரோஸா? வெறும் ரோஸுன்னு ஒரு கலரே கெடையாது." வெறும் ரோஸ் என்று ஒரு கலரே கிடையாது. ஆயிரம் தடவை என் காதால் கேட்டிருக்கிறேன், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டிருக்கிறேன், எங்கள் கல்யாணப் பட்டைக்கூட மற்றவர்கள் ரோஸ் பட்டு என்று சொன்னால் திருத்துவார், அது மாதுளை முத்து என்பார். மூளையில் ரத்தம் அடைத்தாலும் அந்தக் கணக்கு அடைக்குமா? கலர் என்றால் அவர் வாயில் பேபி ரோஸ் என்று வந்திருக்கும், இல்லையென்றால் ராணி என்று வந்திருக்கும். வெறும் ரோஸ் என்று வந்தால் அது கலர் இல்லை. அது ஆள். இந்த நினைப்பு எனக்கு எப்போது வந்தது என்று தெரியும், பிரமு சிரித்தபோது வந்தது. பிரம்மசக்தி, அவருடைய தங்கச்சி, ஆஸ்பத்திரி வராந்தாவில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "மைனி, அண்ணன் கடைக்கு ரோஸுன்னு எவளும் வருவாளா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நானும் சிரித்தேன். அவள் கேட்டதையும் மறந்திருப்பாள், இட்லியைத் தின்று கை கழுவிவிட்டாள், நான் இன்னும் கழுவவில்லை.

வருவாளா என்றால், வராமல் என்ன? இந்தப் பக்கத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ரோஸ். நாசரேத்திலிருந்து வருகிற வேதக்காரப் பெண்களில் பாதிப் பேர் ரோஸ்தான், ரோஸ்லின், ரோஸ்மேரி, ரோஸம்மா, ஜெயரோஸ். ரோஸ்லின் டீச்சர் வருவாள், ஆனால் அவளுக்கு முட்டி தேய்ந்து கைத்தடி ஊன்றி நடக்கிறாள், எனக்குத் தெரிந்து எப்போதும் சாம்பல் கலரில்தான் கட்டுவாள், அவள் இல்லை. ரோஸ்மேரி என்று தபால் ஆபீசில் ஒருத்தி இருந்தாள், நல்ல நிறம், பல் வரிசை, எப்போதும் இரண்டு சேலையை ஒன்றாகக் கொண்டுவருவாள், ஒன்று கொண்டுவந்தால் ஆகாதோ? அவள் மாற்றலாகிப் போனபோது கடைக்கு வந்து சொல்லிக்கொண்டு போனாள். துணிக் கடைக்காரனிடம் எதற்குச் சொல்லிக்கொள்ள வேண்டும், மளிகைக் கடையில் சொன்னாளா, பால்காரனிடம் சொன்னாளா? அன்றைக்கு நான் அங்கேதான் ஸ்டூலில் இருந்தேன், என்னிடமும்தான் சொன்னாள், என் கையைப் பிடித்துக்கொண்டு போய்ட்டு வாரேன் அக்கா என்றாள். என்னைப் பார்த்துவிட்டதால் அப்படிச் சொன்னாளோ. அவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்? துணி மடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை? வேலை இருந்தது, தூக்கவில்லை. நான் இப்படி எத்தனை முறை அந்தக் கடைக்குள் போய்ப் போய் வருகிறேன், அங்கே அந்தப் பிள்ளை நின்று சிரிக்கிறது, அது பாட்டுக்கு எங்கேயோ புருஷன் பிள்ளைகளோடு சோறு பொங்கிக்கொண்டிருக்கும், இங்கே நான் அதன் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பொறாமை. வேறு பேர் சொல்லி மூடி மறைக்க வேண்டியதில்லை. எழுந்து நிற்க முடியாத மனுஷன் மேல் பொறாமை. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் பொறாமைதான்.

"ஏட்டி உலகம்மா, என்ன இது, ஹாலு பால்வாடி மாதிரில்லா இருக்கு!" பக்கத்து வீட்டுப் பார்வதி அக்கா, கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது. வாசல்படியில் நின்று கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிப் பார்க்கிறாள். பால்வாடிக்கு அடிக்கிற ரோஸ் வேறு அக்கா, அது சுண்ணாம்பு ரோஸ், இது இப்போது ஈரத்தில் வெளுப்பாகத் தெரியும், காய்ந்தால் அடர்த்தியாகும் என்றேன். நான் அவர் மாதிரியே பேசுவது எனக்கே கேட்டது. "நல்லாத்தான் இருக்கு, யாரு வேண்டாம்னா. ஆனா ஆளு அங்க கெடக்கும்போது நீ இங்க பெயிண்ட் அடிச்சிக்கிட்டு இருக்கன்னு நாலு பேரு பேசுவாவல்லா?" அவர்தான் கேட்டார் அக்கா. "பேசுதாவளா அண்ணாச்சி?" ரோஸ் வேணும்னு கேட்டாவ. சொல்லிவிட்டேன். எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டேன், வேணும் என்பதை நானே சேர்த்துக்கொண்டேன். அக்கா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாரேன், பொண்டாட்டிக்குப் பிடிச்ச கலர நெனச்சிருக்காவளே." ஆமாம் அக்கா என்று நானும் சொல்லி, அவள் போன பிறகு கதவைச் சாத்தி, அதற்கு முதுகைக் கொடுத்து நின்றேன். ஊர் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டு போவாள், பொழுது சாய்வதற்குள் ஏரல் முழுக்கத் தெரிந்துவிடும், ஊரே நம்பும், நான் ஒருத்தி நம்பினால் போதும், வேலை முடிந்தது.

திரைச்சீலையை மாட்டினேன். பழைய பச்சைத் திரை இந்தச் சுவருக்கு ஆகவே ஆகாது, கண்ணில் குத்தும், சந்தனக் கலரில் புதிது எடுத்து வைத்திருந்தேன், கம்பியில் கோர்த்து இழுத்துவிட்டதும் ஹால் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. சோபாவுக்கும் சந்தன உறைதான். தேக்கு அலமாரி இந்த ரோஸுக்கு முன்னால் நன்றாக எடுப்பாக நிற்கிறது, பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து மூலையில் வைத்தேன், அதுவும் சேருகிறது. நான் நினைத்தபடியேதான் வந்திருக்கிறது, சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியாக இறங்கும்போது இன்னும் நன்றாக இருக்கும். டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு மஞ்சள் வெளிச்சம் தருகிற பல்பு போடச் சொல்லிவிட்டேன், வெள்ளை வெளிச்சத்தில் இது செத்துப்போய் ஊதா மாதிரி அடிக்கும் என்பது அவர் கூடவே இருந்து எனக்கும் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன். அழகாக இருக்கிறது. இவ்வளவு வருஷம் கழித்து என் ஹால். அப்போதுதான் அது மறுபடியும் உள்ளே நுழைந்தது. இது யாருடைய ஹால், எவள் பேரை நான் நாலு சுவரிலும் இரண்டு கோட்டிங் அடித்து வைத்திருக்கிறேன்? நாளைக்கு இதைப் பார்த்துக்கொண்டே நான் காபி குடிக்க வேண்டும், இதைப் பார்த்துக்கொண்டே அவருக்குச் சோறு ஊட்ட வேண்டும், வாயைத் துடைக்க வேண்டும். போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். "எம்மா, செய்துங்கநல்லூர்ல நிக்கோம், அப்பாவுக்கு எளநி வாங்குதோம். பெயிண்ட் முடிஞ்சிட்டா?" முடிஞ்சிட்டு. "நல்லா இருக்கா?" நல்லா இருக்கு. அப்பா ஏதாச்சும் சொன்னாவளா? "அதான், அதத்தான் சொல்லிக்கிட்டு வாராவ. வழியெல்லாம் ரோஸ், ரோஸ்னு. வீட்டப் பாக்க அவ்வளவு ஆசைம்மா."

கேட்டுப் பார்க்காமலா இருந்தேன்? வாணி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம் கட்டில் பக்கத்தில் குனிந்து, கலரா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஆமாம் என்று எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஆளா என்று கேட்டேன். அதற்கும் அதே மாதிரி ஆட்டினார். பொம்பளையா? ஆட்டினார். ஆம்பளையா? ஆட்டினார். நாளைக்கு மழை வருமா என்று கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற சின்னப் பெண் அப்போதே சொன்னாள், "ஒரு வார்த்தை மாட்டிக்கிட்டா எதைச் சொல்ல நினைச்சாலும் அதுவே வரும்மா. அதுக்கு அர்த்தம் தேடாதீங்க." அவளுக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அர்த்தம் தேடாதே என்றால் எதைத் தேடுவது? கண்ணாடியில் அழுக்குப் பட்டிருக்கிறது, துடைக்காதே என்ற மாதிரி. கலர் கார்டைக் கொண்டுபோய் அவர் மடியில் விரித்தும் பார்த்தேன். ரோஸ் பக்கம், மேலிருந்து கீழ்வரை வெளிறினதிலிருந்து அடர்ந்தது வரை கட்டம் கட்டமாக. இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினார், நடுங்கியது, ஒரு கட்டத்தில் வைத்து, அங்கிருந்து வழுக்கி, அடுத்ததில் ஊர்ந்து, இதில், இதோ இந்தச் சுவரில் இருக்கிற இதில் வந்து நின்றது. "ரோஸ்" என்றார். என் கொய்யாப்பழ ரோஸ். கண்ணால் பார்த்தேன், நின்றது. ஆனால் அதே நேரத்தில்தான் ரத்த அழுத்தம் பார்க்க நர்ஸ் உள்ளே வந்தாள், அவள் வந்ததால் நின்றதா, தேர்ந்தெடுத்து நின்றதா, அவள் வராமல் இருந்திருந்தால் இன்னும் வழுக்கிக் கீழே போயிருக்குமா? அந்த விரலை ராத்திரியெல்லாம் நான் பிடித்துப் பிடித்து நிறுத்துகிறேன்.

இப்போது அவர் வந்து இதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்த உடனே முகத்தில் தெரிந்துவிடும். மேட்சிங் பார்க்கிற கண் பொய் சொல்லாது, துணி சேர்ந்துவிட்டால் அவருக்குப் புருவம் லேசாக மேலே ஏறும், வாய் பேசாது, துணியைக் கிழிக்கக் கத்திரியை எடுப்பார். அந்தப் புருவம் ஏறினால் போதும், நான் மனுஷி, என் பைத்தியமெல்லாம் இன்றோடு தீர்ந்தது, தபால் ஆபீஸ் பிள்ளைக்கும் விடுதலை. ஏறாவிட்டால்? ஏறாவிட்டாலும் நான்தானே குளிப்பாட்டப் போகிறேன். நான்தானே தூக்கி உட்கார வைக்கப் போகிறேன். ஆள் நல்ல கனம், என் இடுப்பு தாங்குமா என்று தெரியவில்லை, மாப்பிள்ளை எத்தனை நாள் இருப்பார், பிரமு எத்தனை நாள் இருப்பாள், எல்லோரும் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் இந்த வீட்டில் நானும் அவரும் அந்த வார்த்தையும். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. லிங்கதுரை டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், பிரஷ்ஷை நனைத்து என் விரல் தடத்தின் மேல் ஒரு இழுப்பு இழுத்தேன். அது ஒரு பட்டையாக நின்றது. பட்டையைச் சரிபண்ண இன்னொரு இழுப்பு. இப்போது முறத்தளவுக்குப் பளபளவென்று ஈரம், மற்ற சுவரெல்லாம் காய்ந்து அடங்கியிருக்க இது மட்டும் முழித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு விரல் தடத்தோடு விட்டிருந்தால் யார் பார்த்திருக்கப் போகிறார்கள்? துணியால் விசிறினேன். வாயால் ஊதினேன். ஊதிக்கொண்டே இருக்கும்போது வாசலில் ஹாரன்.

மாப்பிள்ளையும் டிரைவரும் வீல் சேரோடு தூக்கிப் படியேற்றினார்கள், வாணி முன்னால், பிரமு பையோடு பின்னால். நான் ஆரத்தியைச் சுற்றினேன், தண்ணீர் தளும்பியது, என் கண் தட்டில் இல்லை, அவர் முகத்தில் இருந்தது. மெலிந்துவிட்டார். யாரோ அவருக்கு வகிடு மாற்றி எடுத்திருக்கிறார்கள். ஹாலுக்குள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெயில் நான் சொன்ன மாதிரியே மேற்கு ஜன்னலில் இறங்கியிருந்தது, சுவர் நான் கேட்ட மாதிரியே விளக்கு வைத்தது போல நின்றது, மாப்பிள்ளைகூட அட என்றார். "எப்பா, பாத்தீயளா, ரோஸ்! நீங்க சொன்ன ரோஸ்!" அவர் வாணியின் வாயைப் பார்த்தார். வாணி அவர் மோவாயைப் பிடித்து மெதுவாகச் சுவர் பக்கம் திருப்பினாள். அவர் கண் சுவரில் பட்டது, எங்கும் நிற்கவில்லை, வெள்ளைச் சுவரில் போகிற மாதிரியே போய், ஃபேனைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, தன் செருப்பைப் பார்த்தது. புருவம் ஏறவில்லை. ஒரு நூல்கூட ஏறவில்லை. வார்த்தையும் வரவில்லை, வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவர் இங்கே வந்து வாயை மூடிக்கொண்டார். "அலுப்பு, அதான்" என்றாள் பிரமு. "நாளைக்குப் பாப்பாவ" என்றாள் வாணி. நான் காபி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

பால் அடுப்பில் இருக்கிறது. கலர் இல்லை. தெரிந்துபோயிற்று, இனி வாணியும் பார்வதி அக்காவும் என்ன சொன்னாலும் கலர் இல்லை. கலர் இல்லையென்றால் என்ன மிச்சம் என்று கேட்டுக்கொள்ளக்கூட எனக்குத் தெம்பில்லை. பால் பொங்கியது, அணைத்தேன், பொடி டப்பாவைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தேன் என்று நின்றேன். ஹாலிலிருந்து சத்தம் வந்தது. "ரோஸ்." பிரமு ஓடுவது கேட்டது. "தண்ணியாண்ணே? இந்தாங்க." டம்ளர் கீழே விழுந்து உருண்டது. "ரோஸ்." "படுக்கணுமாப்பா? கால் வலிக்கா?" "ரோஸ்!" இந்த முறை குரல் அவர்களுக்கு இல்லை, அவர்களைத் தாண்டி அடுப்படி வாசலுக்கு வந்தது, அதட்டலாக வந்தது. அந்த அதட்டல் எனக்குத் தெரியும். குளித்துவிட்டுத் துண்டு இல்லாமல் நிற்கும்போது, சாவியை வைத்த இடம் மறந்துபோகும்போது, சோற்றில் உட்கார்ந்த பிறகு உப்பு இல்லாதபோது வருகிற அதட்டல், இந்த வீட்டில் அது வேறு யாருக்கும் கிடைத்ததில்லை, வாணிக்குக்கூட. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏ என்பார், அவ்வளவுதான், அந்த ஏயும் போய்விட்டது. இப்போது ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், அது என் பேர் இல்லை. "எம்மா, ஒன்னத்தான் கூப்பிடுதாவ" என்றாள் வாணி. எனக்கும் கேட்கிறது. நான் அசையவில்லை. எவள் பேரோ, எந்தக் கலரோ, ஒன்றுமே இல்லையோ, எனக்குத் தெரியப் போவதில்லை, கேட்டால் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டப் போகிற மனுஷனிடம் நான் எதைக் கேட்பது? கூப்பிடட்டும், தொண்டை வலிக்கக் கூப்பிடட்டும் என்று நின்றேன். மறுபடியும் கூப்பிட்டார். அதட்டல் பாதியில் உடைந்து, கூட்டத்தில் அம்மா கையை விட்ட பிள்ளை கூப்பிடுகிற மாதிரி ஆயிற்று, நான் வீட்டில் இல்லை என்று நினைத்துவிட்டாரோ என்னவோ. காபிப் பொடி டப்பாவை அப்படியே வைத்தேன். "இந்தா வாரேன், எங்க போயிட்டேன், இங்கதான இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே போனேன்.